மாரி செல்வராஜ் படங்களை எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் திருவைகுண்டம் பக்கத்திலும் நண்பர்கள் கூடிப் படம் போட்டுப் பேசுவது எங்களுக்குப் பழக்கம். மாரி செல்வராஜ் படம் என்றால் அன்றைக்குக் கூட்டம் கூடும். படம் முடிந்த பிறகும் யாரும் கிளம்பமாட்டார்கள். வாசலில் நின்று, டீக்கடையில் நின்று, பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டுத் திரும்ப அணைத்துக் கேட்பார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதி, என்னால் முடிந்த பதிலைக் கொடுத்திருக்கிறேன். படங்களின் முடிவையும் பேசியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அண்ணாச்சி, இவரு மொத்தம் எத்தனை படம் எடுத்திருக்காரு? எதுலேருந்து பாக்க ஆரம்பிக்கணும்?

பரியேறும் பெருமாள் (2018), கர்ணன் (2021), மாமன்னன் (2023), வாழை (2024), பைசன் காளமாடன் (2025). பிறந்த ஊர் திருவைகுண்டம் வட்டாரத்துப் புளியங்குளம். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். 1986-ல் மாவட்டம் பிரியும்வரை எல்லாம் திருநெல்வேலிதான், பேச்சும் கோயில் திருவிழாவான கொடையும் சொந்தபந்தமும் இன்றும் பிரியவில்லை. இயக்குநர் ராமிடம் உதவியாளராக இருந்தார். படம் எடுக்கும் முன்பே எழுத்தாளராகப் பெயர் வாங்கியவர். சிறுகதைத் தொகுப்பு வந்தது, ஆனந்த விகடனில் தொடர் எழுதினார். காட்சிகளை அவர் அடுக்குகிற விதத்தில் சிறுகதைக்காரர் கை தெரியும்.

பரியேறும் பெருமாளில் தொடங்குங்கள். அடுத்து, வரிசையை விட்டுவிட்டு நேரே வாழைக்குப் போங்கள். தன் பிள்ளைப்பருவத்தை அவர் எடுத்த படம் அது. அந்தப் பையன் கண்ட வயலையும் பசியையும் மனதில் வைத்துக்கொண்டு கர்ணன் பார்த்தால் படம் வேறு மாதிரி திறக்கும்.

அவரு படம்னு பாத்த உடனே தெரியுதுன்னு சொல்லுதாங்களே, எதை வச்சுச் சொல்லுதாங்க?

ஒரு பொருளை முதலில் அதன் வேலையில் காட்டுவார். நாய் வேட்டைக்குப் போகும். பஸ் நிற்காமல் போகும். வாழைத்தார் தலையில் ஏறும். அதுவரை அது வெறும் நாய், வெறும் பஸ், வெறும் தார்தான். பிறகு அந்தப் பொருளுக்கு ஒன்று நடக்கும், அல்லது அதனால் ஒருவருக்கு ஒன்று நடக்கும். மறுபடி அது திரையில் வரும்போது பழைய கண்ணால் அதைப் பார்க்க நமக்கு முடியாது. ஐந்து படத்திலும் இந்த முறை இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இதைத்தான் தொட்டுத் திரும்பும்.

இன்னொன்று, அவருடைய ஊர் பின்னணியாக நிற்காது. மற்றப் படங்களில் கிராமம் என்றால் ஒரு பாட்டுக்கு வயல், ஒரு சண்டைக்குத் திருவிழா. இவர் படத்தில் எந்தப் பாதை எங்கே போகிறது, பஸ் எங்கே நிற்கும், குளம் யார் பக்கம் இருக்கிறது என்பது தெரியாவிட்டால் கதையே புரியாது. கர்ணன் கதை நடக்கும் பொடியங்குளத்தைப் படம் பார்த்த ஒருவரிடம் தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள், ஓரளவு வரைந்துவிடுவார்.

எல்லாப் படத்துலயும் ஏன் ஒரு மிருகம் வருது? நாயின்னா இது அர்த்தம், கழுதைன்னா இது அர்த்தம்னு லிஸ்ட் இருக்கா?

லிஸ்ட் கிடையாது. இருந்திருந்தால் மாமன்னன் வந்த அன்றே அது கிழிந்திருக்கும். பரியேறும் பெருமாளில் கருப்பி என்கிற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். அங்கே நாய் பாதிக்கப்பட்டவர்களின் பக்கம். மாமன்னனில் அரசியல்வாதி ரத்னவேலு வளர்க்கும் பந்தய நாய்கள், மாமன்னனின் மகன் ஆதிவீரன் வளர்க்கும் பன்றிகள் மேல் ஏவிவிடப்படுகின்றன. இங்கே நாய் அதிகாரத்தின் பக்கம். ஒரே இயக்குநர், ஒரே விலங்கு, இரண்டு எதிர் வேலை. யார் கையில் கயிறு இருக்கிறது என்பதைப் பொறுத்து விலங்கின் பொருள் மாறுகிறது. கர்ணனில் பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும் காட்சியும், பைசனில் கோயிலுக்குக் கொண்டுபோகும் ஆடு பஸ்ஸுக்குள் பெரும் சண்டைக்குக் காரணமாகும் காட்சியும் இப்படித்தான். முதலில் அது ஊரில் தினமும் நடக்கிற காரியம். குஞ்சைப் பருந்து தூக்காத ஊர் நம் பக்கம் உண்டா?

கருப்பியின் சாவை மறுபடி ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கொலைக்கு முன்னால் ஒரு குட்டைத் தண்ணீர் காட்சி வரும். நாய்களோடு இளைப்பாறும் இளைஞர்கள், எதிர்த்தரப்பு ஆட்கள் வருவதைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கிப் போகிறார்கள். வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிக்கிறார்கள். சாதி என்ற சொல்லே இல்லாமல் முழு உறவுமுறையும் அந்தக் காட்சியில் வந்துவிடுகிறது. அடுத்து நாய் சாகிறது. அதற்கு ஊர் கூடி, ஒரு மனிதருக்குச் செய்வதுபோல் ஒப்பாரி வைத்து அடக்கம் செய்கிறது. நாயைக் கொன்றவர்கள் அந்த நாயை யாராக நினைத்துக் கொன்றார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே சடங்கு பெரிதாகத் தெரியவில்லை, சரியாகத் தெரிகிறது.

கர்ணன்ல அந்தக் கழுதைக்கு ஏன் முன்னங்காலைக் கட்டிப் போட்டிருக்காங்க? படத்துக்காகச் செஞ்சதா?

மேய்ச்சலுக்கு விடும் கழுதை தூரமாகப் போய்விடாமல் இருக்க முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி விடுவது ஊர்ப்பக்கம் உள்ள வழக்கம்தான். கழுதை நடக்கும், ஆனால் தத்தித் தத்தி நடக்கும். பிடித்துக் கட்டிப்போட்டால்கூட ஒரு இடத்தில் நிற்கும், இப்படி விட்டால் சுதந்திரம் இருப்பது போலவே இருக்கும்.

படம் முழுக்க அந்தக் கழுதை ஓரமாக வந்துகொண்டே இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கர்ணன் அந்தக் கட்டைக் கல்லால் அடித்து அறுக்கும் காட்சியும், ஊர் பஸ்ஸுக்கு எதிராகத் துணிவதும் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டு அறுந்த கழுதை ஓடி மேட்டில் ஏறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. கழுதை ஓடுவதற்காக நாமே ஒரு மணி நேரமாகக் காத்திருந்தோம் என்பது அப்போதுதான் தெரிகிறது.

பரியன் உடம்பெல்லாம் நீலமா வருதே, அது சிவனா கிருஷ்ணனா?

இரண்டும் இல்லை. நீலம் அம்பேத்கரிய இயக்கத்தின் நிறம், பரியேறும் பெருமாளைத் தயாரித்த பா. ரஞ்சித்தின் நிறுவனத்துக்கும் நீலம் என்றுதான் பெயர். நாயகன் பரியன் தன்னை யார் என்று கேட்டுக்கொள்ளும் பாட்டில் அந்த நிறம் உடம்பில் ஏறுகிறது.

ஆனால் அரசியல் நிறம் என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். நம் பக்கத்துக் கொடைகளில் சாமியாடி முகத்தில் பூசியதும் அவர் வேறு ஆளாகிவிடுகிறார் அல்லவா? அந்த மாற்றத்தின் சாயல் அந்தப் பாட்டில் இருக்கிறது. இறந்துபோன கருப்பியும் அதே உலகத்திலிருந்துதான் திரும்பி வருகிறாள், தண்டவாளத்தில் மயங்கிக் கிடக்கும் பரியனை எழுப்பிவிடுகிறாள். எந்த விளக்கமும் கொடுக்காமல் இயக்குநர் இதைச் செய்கிறார். பாளையங்கோட்டையில் பார்த்த ஒருவரும் செத்த நாய் எப்படி வரும் என்று கேட்டதில்லை.

கர்ணன்ல பொம்மை முகம் மாட்டிக்கிட்டு ஒரு பிள்ளை நிக்குதே, அது பேயா?

கர்ணனின் தங்கை. படத்தின் முதல் காட்சியில் நடுரோட்டில் வலிப்பு வந்து கிடக்கிறாள், பஸ்கள் நிற்காமல் அவளைத் தாண்டிப் போகின்றன, அங்கேயே இறந்துபோகிறாள். காட்டுப்பேச்சி என்ற சாமியாக, பெரிய முகத்தோடு அதன்பின் ஊரில் நிற்கிறாள்.

தாமிரபரணிக் கரை வழிபாட்டைத் தெரியாதவர்களுக்கு இது பேய்ப்பட உத்தியாகத் தெரியலாம். இங்கே அகாலமாய் இறந்தவர்களும் கொல்லப்பட்டவர்களும் பீடம் பெற்றுச் சாமியாகிறார்கள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளை வீட்டில் கன்னியாக வந்து உட்காருவாள், அவளுக்கு வருசா வருசம் சேலையோ பாவாடை சட்டையோ வைத்துக் கும்பிடுவார்கள். வில்லுப்பாட்டிலும் மகுடம் என்ற தோல்வாத்தியம் அடித்து ஆடும் கணியான் கூத்திலும் பாடப்படுகிற கதைகளில் பல, அநியாயமாய்ச் செத்தவர்களின் கதைகள். ஒரு கொலையை ஊர் மறக்காமல் வைத்துக்கொள்ளும் வழி அது. நீதிமன்றம் கொடுக்காத இடத்தைக் கொடை கொடுக்கிறது.

ஆகவே அந்தப் பிள்ளை பயமுறுத்த வரவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஊர் அடிபடும்போதும் திருப்பி அடிக்கும்போதும் அவள் பார்வைக்கு முன்னால்தான் எல்லாம் நடக்கிறது. கேமராவுக்கும் நமக்கும் நடுவில் இன்னொரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துவது இந்த இயக்குநரின் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். பைசனின் முழுத் தலைப்பில் காளமாடன் என்ற சாமிப் பெயர் இருப்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

மகாபாரதப் பேரையெல்லாம் ஏன் இப்படி மாத்தி மாத்தி வச்சிருக்காரு?

ஒன்றின் அர்த்தத்தை மாற்றிக் காட்டும், மேலே சொன்ன பழக்கத்தைக் கர்ணனில் பெயர்களிலும் செய்கிறார். கர்ணன், துரியோதனன், திரௌபதி, ஏமன் எல்லாம் ஊர்க்காரர்கள். கண்ணபிரான் அவர்களை அடித்து நொறுக்கும் போலீஸ் அதிகாரி. பாரதக் கதையில் ஜெயித்தவன் பெயர் இங்கே யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

இது வெறும் விளையாட்டு இல்லை. ஸ்டேஷனுக்கு வந்த பெரியவர்கள் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பெயரே அந்த அதிகாரிக்குக் கோபத்தைக் கிளப்புகிறது. ராஜா பெயர் வைத்துக்கொண்டதற்காக மொட்டை மாடி வெயிலில் வதைக்கப்படுகிறார்கள். தலைநிமிர்ந்த பெயர் வைத்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் கேலி பட்டவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காட்சியைச் சாதாரணமாகக் கடந்து போகமாட்டார்கள்.

கர்ணன் கொடியன்குளம் கதைதானே? அப்புறம் ஏன் பேரை மாத்தினாரு?

1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடிப் பக்கத்துக் கொடியன்குளம் என்ற ஊரில் போலீஸ் புகுந்து மக்களை அடித்து, வீடுகளையும் பொருள்களையும் நாசமாக்கியது. அந்த ஆண்டுக் கலவரங்களுக்கு ஒரு பஸ் தகராறு தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. கர்ணன் பார்க்கும் தென்மாவட்டத்துக்காரர் யாருக்கும் இந்த நினைவு வராமல் இருக்காது. பொடியங்குளம் என்ற பெயரும் அதை மறைக்கப் பார்க்கவில்லை.

ஆனால் படம் அந்தச் சம்பவத்தின் பதிவு கிடையாது. வாளால் மீனை வெட்டும் போட்டியும், குதிரையும், முகம் மூடிய தங்கையும் செய்தித்தாளிலிருந்து வந்தவை அல்ல. நடந்த கொடுமைக்கு ஊர் தரப்பிலிருந்து ஒரு வில்லுப்பாட்டு கட்டினால் எப்படி இருக்குமோ அப்படிக் கட்டியிருக்கிறார். கதைப்பாட்டில் நாயகனுக்குக் குதிரை கிடைக்கும். வரலாறு தேடுகிறவர்கள் அதற்கான விசாரணை ஆவணங்களையும் அன்றைய பத்திரிகைகளையும் படிக்க வேண்டும், படத்தை ஆதாரமாகக் காட்டக்கூடாது. இதைப் படத்தின் ரசிகனாகவே சொல்கிறேன்.

வன்முறையை அப்படியே காட்டுறாரே, அது ஜாஸ்தியா இல்லையா?

எந்த வன்முறை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பரியேறும் பெருமாளில் ஒரு கிழவர் வருவார், கராத்தே வெங்கடேசன் நடித்தது. ஆற்றில் குளிக்கிற பையனை அமுக்கிக் கொல்கிறார், ஓடும் பஸ்ஸிலிருந்து ஒருவனைத் தள்ளிவிடுகிறார். எல்லாம் விபத்து போல, தற்கொலை போல முடிந்துவிடும். அந்தக் காட்சிகளில் கேமரா பதறுவதே கிடையாது. ஆறு வழக்கம்போல ஓடுகிறது, பஸ் வழக்கம்போலப் போகிறது. கிழவர் வேலை முடிந்த கொத்தனார் மாதிரி நடந்து போகிறார். படம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஆற்றைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும், ஏனென்றால் கொலை நடந்த இடம் நாம் குளிக்கிற இடம்.

அவமானத்தைக் காட்டும்போது மட்டும் அவர் நேரே, நீளமாக, விலகாமல் காட்டுகிறார். அடியும் ரத்தமும் சில படங்களில் எனக்கும் கூடுதலாகப் பட்டது உண்டு, குறிப்பாக மாமன்னனின் பிற்பாதியில். அவமானக் காட்சிகளில் ஒரு நொடிகூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். பார்க்க முடியாமல் நாம் தலையைக் குனிகிற நேரம்தான் அந்தக் காட்சிக்குத் தேவையான நேரம்.

பரியனோட அப்பாவை ஏன் அவ்வளவு லேட்டா காட்டுறாரு?

அவருடைய கதை சொல்லும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கல்லூரியில் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னதும் பரியன் வேறொருவரை அப்பா என்று கூட்டிக்கொண்டு போகிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஏன் சொந்த அப்பாவைக் கூட்டிவரவில்லை என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் அடங்கிப்போகிறது. இயக்குநர் நம்மை வேண்டுமென்றே அங்கே விட்டுவைக்கிறார்.

பிறகு அப்பா வருகிறார். கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடுகிறவர். மகன் மறைத்ததற்குக் காரணம் தெரிகிறது, மறைத்ததற்காக மகன் மேல் கோபமும் வருகிறது, அதைச் சொல்லி முடிப்பதற்குள் கல்லூரி வாசலில் அவர் வேட்டியை உருவி ஓட விடுகிறார்கள். முதலில் சிரித்த நாம் இப்போது எங்கே நிற்கிறோம்? அப்பாவை முதல் காட்சியிலேயே காட்டியிருந்தால் பரிதாபம் மட்டும் வந்திருக்கும். தாமதித்ததால் நம் சிரிப்பும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நடித்தவர் தங்கராஜ், நெல்லைச் சீமையின் கூத்துக் கலைஞர். 2023-ல் காலமானார். வேஷம் கட்டி ஆடியே வாழ்ந்த உடம்பு அது. கேமராவுக்கு முன் அவர் ஓடும்போது நடிப்பு எங்கே முடிகிறது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

கடைசியில ரெண்டு டீ கிளாஸைக் காட்டி முடிக்காரே, அதுக்கு என்ன அர்த்தம்?

இரட்டைக் குவளை பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பரியனோடு கல்லூரியில் படிக்கும் ஜோதியின் அப்பாவும் பரியனும் பேசி முடித்த பிறகு இரண்டு கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் பால் கலந்தது, மற்றொன்றில் கறுப்பு. நடுவில் ஒரு மல்லிகைப்பூ. சமாதானம் ஆகிவிட்டது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே மாதிரி கிளாஸ், ஒரே இடம், ஆனால் உள்ளே இருப்பது கலக்கவில்லை. பேச்சுவார்த்தை தொடங்கக்கூடிய நிலைமை வந்திருக்கிறது, அவ்வளவுதான். பரியன் முன்வைத்த கேள்விக்கு அந்த அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை மறக்காதீர்கள்.

வாழை எவ்வளவு பச்சைப் பசேல்னு அழகா இருக்கு! சோகப் படத்தை ஏன் இவ்வளவு அழகா எடுக்கணும்?

திருவைகுண்டம் அணை தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அதன் கால்வாய்ப் பாசனத்தில் வாழை செழிக்கிற நிலம் அது. பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் பச்சை யாருக்குச் சொந்தம் என்பதுதான் படம். படத்தின் பள்ளிச் சிறுவன் சிவனணைந்தானுக்கு அந்த வயல் என்பது சேறு, தலைச்சுமை, கழுத்துவலி. சனி, ஞாயிறு வந்தால் பள்ளிக்கூடம் இல்லையே என்று அழுகிற பையன் அவன், ஏனென்றால் லீவு நாள் தார் சுமக்கிற நாள். முதல் அரைமணி நேரம் நாம் அழகைப் பார்க்கிறோம், அவன் எடையைப் பார்க்கிறான். மெதுவாக நம் கண்ணும் அவன் கண்ணுக்கு வந்து சேர்கிறது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு அந்த மாற்றத்துக்கு நேரம் கொடுக்கிறது.

கடைசியில் பசியோடு வருகிற பையன் ஒரு பழத்தைப் பறித்ததற்காக அடி வாங்குகிறான். எத்தனையோ ஆயிரம் தாரைச் சுமந்த ஊர்ப்பிள்ளைக்கு ஒரு பழம் கிடையாது. அதே நேரத்தில் வாழை லோடு லாரி கவிழ்ந்து ஊரே செத்துக் கிடக்கிறது. 1999-ல் இந்த வட்டாரத்தில் உண்மையாகவே அப்படியொரு விபத்து நடந்தது. கூலியாட்களைத் தார் லோடு மேலேயே ஏற்றி அனுப்பிய லாரி. விபத்தைப் பெரிதாக எடுக்க வேறு யாராக இருந்தாலும் முழுப் பலத்தையும் செலவிட்டிருப்பார்கள். மாரி செல்வராஜ் பிணங்கள் கிடக்கிற வீட்டுக்குள் சோற்றுப்பானையைத் தேடிப் போகும் பையனோடு போகிறார். சாவும் பசியும் ஒரே வீட்டில், ஒரே ஷாட்டில். அந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போது எங்கள் கூட்டத்தில் வயதான பெண்கள்தான் முதலில் வாய் திறப்பார்கள், அவர்களில் சிலர் தார் சுமந்தவர்கள்.

அதுக்குள்ள எதுக்கு ரஜினி கமல் சண்டை?

சிவனணைந்தான் ரஜினி கட்சி, அவன் நண்பன் சேகர் கமல் கட்சி. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன எந்தப் பையனும் இந்த இரண்டில் ஒன்றில் இருந்தான். அந்தப் பிள்ளைகளுக்கு வேலையும் பசியும் தவிர வேறு வாழ்க்கையும் இருந்தது என்பதைக் காட்டாமல் சாவைக் காட்டினால் அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். டான்ஸ் ஒத்திகைக்காக அக்கா அவனைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கிறாள், அதனால்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்பதையும் கவனியுங்கள். விளையாட்டுப் போல வந்த காட்சிகள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன.

கேமராமேன்தானே எல்லாத்துக்கும் காரணம்? இவருக்கு என்ன பங்கு?

பரியேறும் பெருமாளுக்கு ஸ்ரீதர், கர்ணன், மாமன்னன், வாழை மூன்றுக்கும் தேனி ஈஸ்வர், பைசனுக்கு எழில் அரசு. கை மாறியிருக்கிறது, வெளிச்சமும் மாறியிருக்கிறது. முதல் படத்தில் வறண்ட நிலமும் தண்டவாளமும், கர்ணனில் மேலிருந்து பார்க்கும் பருந்துப் பார்வையும் உச்சி வெயிலும், வாழையில் பையனின் உயரத்தில் தாழ்ந்து நடக்கும் கேமராவும். ஆனால் ஒரு பொருளைப் பலமுறை காட்டி அதன் பொருளை மாற்றும் பழக்கம் எங்கும் மாறவில்லை. அது எழுத்து மேசையிலேயே முடிவானது. முதல் இரண்டு படத்துக்கும் வாழைக்கும் சந்தோஷ் நாராயணன் இசை, மாமன்னனுக்கு ஏ. ஆர். ரஹ்மான், பைசனுக்கு நிவாஸ் கே. பிரசன்னா. இசை மாறியபோதும் இதே கதைதான்.

எல்லாப் படமும் ஒண்ணு போலத்தான் இருக்கு. சாதிப் படம், அடி, அழுகை. இதுல புதுசா என்ன இருக்கு?

கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கிறவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, ஆகவே பொறுமையாகப் பதில் சொல்கிறேன். பரியன் படித்து, பேசி, உட்கார்ந்து கேள்வி கேட்கிறான். கர்ணன் வாள் எடுக்கிறான். மாமன்னனில் முழுப் போராட்டமும் ஒரு நாற்காலியைச் சுற்றி நடக்கிறது: எம்.எல்.ஏ.வாக இருந்தும் ரத்னவேலு வீட்டில் உட்காராமல் நிற்கும் அப்பாவை உட்காரச் சொல்லி மகன் வற்புறுத்துகிறான், கடைசியில் அந்த அப்பா சபாநாயகர் நாற்காலியில் உட்காருகிறார். சிவனணைந்தான் குழந்தை, அவனால் ஓட மட்டுமே முடியும். பைசனின் கிட்டான் கபடிக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறான். மணத்தி கணேசனின் வாழ்க்கையை அடியொற்றிய படம் அது, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர் அவர். ஒரே காயத்துக்கு ஐந்து பேர் ஐந்து விதமாக எதிர்வினை செய்கிறார்கள். ஒன்று போல இருப்பது காயம். அது ஊரில் இன்னும் ஒன்று போலத்தான் இருக்கிறது.

குறை இல்லையா என்றால், உண்டு. மாமன்னனில் கதை சேலம் பக்கம் போனதும் நிலத்தின் பிடி தளர்ந்துவிட்டது. பன்றிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஆனால் கழுதையைப் போலக் கதைக்குள் மேயவில்லை, குறியீடாக வந்து நிற்கின்றன. அவருக்குத் தெரிந்த மண்ணில் நிற்கும்போது அவர் எதையும் விளக்குவதில்லை. தெரியாத மண்ணில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடுகிறார்.

அண்ணாச்சி, நான் குறும்படம் எடுக்கப் போறேன். இந்த ஸ்டைல்ல எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் கழுதையைத் தேடிப் போகாதீர்கள். இப்போது வருகிற குறும்படங்களில் பாதியில் ஒரு நாய் செத்துக் கிடக்கிறது, ஒரு பிள்ளை முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிறது. அதெல்லாம் அவருடைய ஊர். உங்கள் தெருவில் என்ன இருக்கிறது? மேலப்பாளையத்தில் இருக்கிறவருக்கு மாட்டுச் சந்தை இருக்கும், விக்கிரமசிங்கபுரத்துக்காரருக்கு மில் சங்கு இருக்கும், பத்தமடையில் பாய் முடையும் கோரை இருக்கும். அந்தப் பொருளை வைத்து யார் வேலை செய்கிறார்கள், அது யாருக்குச் சொந்தம் என்று முதலில் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் வேறு பொருள் தேடுங்கள், ஏனென்றால் இந்த முறைக்கு இரண்டு பதில்களும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

அடுத்து, அதை வேலையில் காட்டுங்கள், அதற்கு ஒன்று நடக்கட்டும், பிறகு சும்மா காட்டுங்கள். எந்தப் பாத்திரமும் அதைப் பற்றி வசனம் பேசக்கூடாது. டிரோன் வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக ஏற்றாதீர்கள். கர்ணனில் மேலிருந்து பார்க்கும் பார்வைக்கு ஒரு பருந்து இருந்தது. எடிட்டிங்கில் உட்காரும்போது அந்தக் கடைசி ஷாட்டில் பின்னணி இசையை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது அது வெறும் பொருளாகவே தெரிந்தால் குறை அந்த ஷாட்டில் இருக்காது, முதலில் எடுத்த வேலைக் காட்சியில் இருக்கும். அதைத் திரும்ப எடுங்கள்.